எஸ்டிபி இருக்கிறது, தண்ணீர் வரவில்லை: மறுசுழற்சி நீர் பற்றிப் பேசலாமா?

பெரும்பாக்கம் வாசி
ஞாயிறு, காலை 8.10

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் 240 வீடுகள். சென்னையின் தெற்கே, ஓஎம்ஆர் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகள் பலவற்றைப் போல நாங்களும் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறோம். போர் தண்ணீர் உப்பு. மார்ச் பிறந்தால் லாரி விலை ஏறும், மே மாதம் போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். இந்த வருஷம் என்னை அசோசியேஷன் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். கணக்கு நோட்டைப் பிரித்து உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது.

எங்களுக்கு எஸ்டிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், உண்டு. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்கிறது 2006 அறிவிக்கை. அந்த அனுமதியின் நிபந்தனையாக வந்ததுதான் இது. ஃப்ளஷுக்குத் தனிக் குழாய்கூடப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழாயில் இன்று ஓடுவது லாரித் தண்ணீர். சுத்திகரித்த தண்ணீர் நாறுகிறது என்று நாலு வருஷத்துக்கு முன்பே யாரோ வால்வைத் திருப்பிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், அதில் 45 லிட்டர் ஃப்ளஷுக்கு என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கு வைக்கிறது. எங்களிடம் ஏறக்குறைய 840 பேர். ஃப்ளஷுக்கு மட்டும் 37,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் மூன்று லாரி. தினம் மூன்று லாரி நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் கழிப்பறையில் ஊற்றுகிறோம். அப்புறம் அதை வெளியே அள்ளிக்கொண்டு போக இன்னொரு லாரிக்குக் காசு.

பஞ்சம் வந்தால் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்' என்று அறிவிப்பு வருகிறது. நிலையம் கட்டினாயா என்று கேட்கிறார்கள். அது இன்றைக்கு ஓடுகிறதா என்று யாராவது கேட்கிறார்களா? உங்கள் குடியிருப்புகளில் எப்படி?

முகப்பேர் அம்மா
ஞாயிறு, காலை 9.25

உங்கள் கணக்கு சரிதான். ஆனால் எனக்கு இந்தத் தண்ணீர் மேல் நம்பிக்கை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த குடியிருப்பில் ஒரு பிளம்பர், மேல்மாடித் தொட்டிக் குழாய் உடைந்ததென்று சரி செய்ய வந்தார். ஃப்ளஷ் லைனும் குழாய் லைனும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் போயின. எதையோ எதனோடோ இணைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் பெண் பல் தேய்க்கும்போது, "அம்மா, தண்ணி வழவழன்னு இருக்கு" என்றாள். வாளியில் பிடித்துப் பார்த்தால் லேசான மஞ்சள். அந்த வாரம் எங்கள் மாடியில் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. எதனால் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எனக்கு இன்றுவரை அந்த வாளித் தண்ணீர் கண்ணில் நிற்கிறது.

அரசாங்கம் மறுசுழற்சி நீரை வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னால், முதலில் குழாய்க்கு நிறம் சொல்லட்டும். யார் தொட்டார்கள், யார் சோதித்தார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற எஸ்டிபிக்காரர்
ஞாயிறு, மதியம் 12.40

இருபத்தாறு வருஷம் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்த்தவன். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகப்பேர் அம்மா சொன்னது நடக்கக்கூடியதுதான், பயப்பட வேண்டியதும்தான். பல நாடுகளில் மறுசுழற்சி நீருக்கு ஊதா நிறக் குழாய்தான் போடுவார்கள், பார்த்தாலே தெரியும். நம் கட்டடங்களில் இரண்டும் ஒரே வெள்ளைக் குழாயாக ஓடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய கட்டடம் என்றால் குழாயைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு ஊதாப் பட்டை பெயின்ட் அடித்தாலே போதும், ஒரு நாள் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் லைனை மூடிவிட்டு வீட்டுக் குழாய்களைத் திறந்து பாருங்கள். எதிலாவது தண்ணீர் வந்தால் அங்கே தப்பான இணைப்பு இருக்கிறது.

இப்போது பெரும்பாக்கம் சாரின் நாற்றத்துக்கு வருகிறேன். எஸ்டிபி ஒரு இயந்திரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது உயிருள்ள ஒன்று. காற்றுத் தொட்டியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று வாழ்கின்றன. அவற்றுக்கு இரவும் பகலும் காற்று வேண்டும். நம்மாட்கள் செய்வது என்ன? கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரி பத்து மணிக்குக் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்துவார்கள். சில இடங்களில் கீழ்த்தள வீட்டுக்காரர்கள் சத்தம் என்று சண்டை போட்டு நிறுத்த வைப்பார்கள். காலையில் காற்று இல்லாமல் செத்த சேறு நாறும். உடனே "எஸ்டிபி சரியில்லை" என்று பேர் வந்துவிடும்.

நீங்களே பார்க்கலாம். ஒரு லிட்டர் கண்ணாடி அளவு ஜாடி வாங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு காற்றுத் தொட்டியிலிருந்து நிறையப் பிடித்து, ஆடாத இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். சேறு கீழே இறங்கும், தண்ணீர் மேலே தெளியும். சேறு 300, 400 கோட்டில் நின்று, நிறம் கெட்டியான பழுப்பாக, மழை பெய்த மண் வாசனை அடித்தால் நிலையம் நன்றாக இருக்கிறது. 100 கோட்டுக்குக் கீழே போய்விட்டால் உயிர் போதவில்லை. கறுப்பாக, அழுகின முட்டை வாசனை வந்தால் காற்று இல்லை. அரை மணி நேரத்தில் தெரியும் விஷயம் இது. இதற்கு இன்ஜினியர் வேண்டியதில்லை.

செத்த நிலையத்தை எழுப்பச் சாணம் கரைத்து ஊற்றுகிற வழக்கம் உண்டு. அதைவிட, பக்கத்தில் நன்றாக ஓடும் நிலையத்திலிருந்து ஒரு லாரிச் சேறு வாங்கி ஊற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் தெளியத் தொடங்கும்.

ஒரு திருத்தம். யாரும் கேட்பதில்லை என்று சொல்ல முடியாது. இயக்க அனுமதியைப் புதுப்பிக்க ஆய்வக அறிக்கை கேட்கிறார்கள். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் மற்ற 364 நாளைப் பற்றி என்ன சொல்லும்? ஓட்டுகிறவருக்குப் பயிற்சி உண்டா, சம்பளம் போதுமா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. வாட்ச்மேனையே சுவிட்ச் போடச் சொல்கிற குடியிருப்புகள் எத்தனையோ.

கொருக்குப்பேட்டை
ஞாயிறு, மாலை 6.05

எல்லோரும் ஃப்ளஷ் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் தெருவைப் பற்றியும் கொஞ்சம் கேளுங்கள்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் காய்ந்தபோது நகரத்துக்கு வந்துகொண்டிருந்த 83 கோடி லிட்டர் 52.5 கோடியாகக் குறைந்தது. எங்கள் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்று தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாரன் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வீட்டுக்கு ஆறு குடம், ஏழு குடம். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு நூறு லிட்டர். அதில்தான் சமையல், குளியல், துணி, கழிப்பறை எல்லாம். அரிசி கழுவின தண்ணீரில் பாத்திரம் விளக்கி, அந்தத் தண்ணீரைக் கக்கூஸுக்கு ஊற்றினோம். யாரும் எங்களுக்கு மறுசுழற்சி சொல்லித்தரவில்லை.

அந்த நேரத்திலும் டிவியில் 'தண்ணீரைச் சேமியுங்கள்' என்று எல்லோருக்கும் ஒரே விளம்பரம். ஆளுக்கு 20 லிட்டரில் இருக்கிறவர் எதைச் சேமிப்பார்? சிக்கனம் என்று கொள்கை எழுதினால், மீட்டர் வைத்து, அதிகம் எடுக்கிறவரிடமிருந்து தொடங்க வேண்டும். ஓஎம்ஆர் அடுக்ககத்துக்கு வரும் லாரித் தண்ணீரும் எங்கோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்துதானே வருகிறது?

பெரும்பாக்கம் வாசி
ஞாயிறு, இரவு 9.30

அக்கா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் கணக்கில் அந்தக் கிணறு இல்லாமல் போனது தப்புதான். எங்கள் 37,800 லிட்டரை வாங்குவதை நிறுத்தினால் அந்த மூன்று லாரி வேறு தெருவுக்குப் போகுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நிறுத்தாவிட்டால் நிச்சயம் போகாது.

எஸ்டிபிக்காரர் ஐயா, ஜாடி ஆர்டர் போட்டுவிட்டேன்.

மணலி ஷிப்ட்
திங்கள், காலை 7.15

கொருக்குப்பேட்டை அக்காவுக்குப் பக்கத்து ஊர்க்காரன். நம் பகுதியில் அரசு செய்த ஒரு நல்ல காரியத்தையும் பதிவு செய்ய வேண்டும். கொடுங்கையூரில் 2019 கடைசியில் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் ஆர்.ஓ.வும் சேர்ந்த நிலையம் வந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்து மணலித் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் தருகிறார்கள். கோயம்பேட்டிலும் அதே அளவில் ஒன்று. அந்தத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை போகிறது. மணலியில் இது புதிதும் இல்லை. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1990களின் தொடக்கத்திலேயே கழிவுநீரை வாங்கித் தானே சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. முன்னால் வந்த பஞ்சங்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

கூலிங் டவருக்கும் பாய்லருக்கும் ஏரித் தண்ணீர் தேவையில்லை. தொழிற்சாலை எவ்வளவு மறுசுழற்சி நீர் எடுக்கிறதோ அவ்வளவு ஏரித் தண்ணீர் ஊருக்கு மிச்சம். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் கரண்ட் செலவாகும். கழிவுநீரில் உப்பு அதைவிட மிகக் குறைவு, செலவும் குறைவு. மீஞ்சூர், நெம்மேலி, இப்போது பேரூர் என்று கடலோரத்தில் கட்டிக்கொண்டே போகிறோம். நகரத்துக்குள் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் தண்ணீரை முழுசாக எடுத்துவிட்டுக் கடலுக்குப் போகலாமே.

கொருக்குப்பேட்டை
திங்கள், காலை 8.50

அந்த நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான் தம்பி. மிச்சமான ஏரித் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போனது என்ற கணக்கை யாராவது எங்களுக்குக் காட்டினார்களா? அதைத்தான் கேட்கிறேன். நல்ல திட்டம் இல்லை என்று சொல்லவில்லை.

ஈசூன் தமிழன்
திங்கள், இரவு 10.20

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பெருமை பேச வரவில்லை. முகப்பேர் சகோதரி கேட்ட நம்பிக்கை எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

கழிவுநீரைச் சுத்திகரித்துச் செய்யும் நியூவாட்டர் 2003-இல் விநியோகத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் தேசிய தினத்தன்று அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் மைதானத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பாட்டிலைத் திறந்து குடித்தார். கூட்டத்துக்கும் பாட்டில் கொடுத்தார்கள். குடித்துக் காட்டியது ஒரு நாள் காட்சிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது பெடோக்கில் பார்வையாளர் மையம் கட்டிப் பள்ளிப் பிள்ளைகளை வருஷக்கணக்காகக் கூட்டிப் போனது. என் பையன் போய்விட்டு வந்து, எந்தச் சவ்வு எதைத் தடுக்கிறது என்று எனக்கு வகுப்பு எடுத்தான். பெரும்பகுதித் தண்ணீர் சிப் தயாரிக்கும் ஆலைகளுக்கும் குளிரூட்டலுக்கும் போகிறது. வறட்சி மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலக்கிறார்கள், அங்கிருந்து மறுபடி சுத்திகரித்துக் குழாய்க்கு வருகிறது.

இன்னொன்று, விலை. 2017, 2018 இரண்டு கட்டமாகத் தண்ணீர்க் கட்டணத்தை 30 விழுக்காடு ஏற்றினார்கள். முணுமுணுப்பு இருந்தது. சிறிய வீட்டுக்காரர்களுக்குத் தள்ளுபடியும் கூட்டிக் கொடுத்தார்கள். கொருக்குப்பேட்டை அக்கா சொல்வது இங்கேயும் பொருந்தும்: கட்டணம் ஏற்றும்போது கீழே இருப்பவருக்குக் கை கொடுக்காவிட்டால் அந்தக் கொள்கை நிற்காது.

முகப்பேர் அம்மா
செவ்வாய், காலை 6.50

நன்றி. குடித்துக் காட்டினால் நான் நம்பிவிட மாட்டேன். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டினால் நம்புவேன் என்று இதைப் படித்தபோது தோன்றியது. எங்கள் குடியிருப்பில் எஸ்டிபி அறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்றே தெரியாது.

டூவூம்பா நினைவு
செவ்வாய், காலை 11.15

குடிநீரில் கலப்பது பற்றி ஈசூன் நண்பர் ஒரு வரி சொன்னதைத் தவிர யாரும் பேசவில்லை. நான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் படித்தவன். டூவூம்பா என்ற ஊரில் 2006 ஜூலையில், கடும் வறட்சிக்கு நடுவே, மறுசுழற்சி நீரை அணையில் கலக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். 62 விழுக்காடு 'வேண்டாம்'. தொழில்நுட்பத்தில் குறை இருந்ததால் தோற்கவில்லை. தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கும்போது அவசரமாக வந்து கேட்டார்கள், எதிர்ப்பு இயக்கம் அதைவிட வேகமாக வேலை செய்தது. நமீபியாவின் விந்தூக்கில் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேராகக் குடிநீரில் சேர்க்கிறார்கள். பாலைவன ஊர், வேறு வழி இல்லை, ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் குடிக்கிறார்கள்.

சென்னையிலும் நெசப்பாக்கத்தில் சுத்திகரித்துப் போரூர் ஏரியில் விடும் திட்டம் வந்தது. ஏரியில் விடுவது நல்ல யோசனைதான். ஆனால் மழை கொட்டும் வருஷங்களில் பேசிப் பழக்க வேண்டிய விஷயம் இது. ஏரி காய்ந்த பிறகு பேசினால் டூவூம்பா கதைதான்.

பெங்களூர் சர்ஜாபூர் ரோடு
செவ்வாய், மாலை 4.30

2024 மார்ச்சில் எங்கள் பக்கத்தில் போர்கள் வறண்டபோது நகர நீர் வாரியம் குடிநீரில் கார் கழுவ, தோட்டத்துக்கு விட, கட்டுமானத்துக்கு எடுக்கத் தடை போட்டது. 5,000 ரூபாய் அபராதம். குழாய்களில் ஏரேட்டர் மாட்டச் சொன்னது. சின்ன வட்டச் சல்லடை, சில பத்து ரூபாய்தான். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் மாட்டியதும் பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. அடுக்ககங்கள் தங்கள் தேவைக்கு மிஞ்சிய சுத்திகரித்த நீரில் பாதி வரை வெளியே விற்கலாம் என்று மாநில அரசு வழிவிட்டது. அதுவரை ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது, எல்லாவற்றையும் உள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைதான். எப்படி முடியும்? பெரும்பாக்கம் சாரின் கணக்கையே எடுங்கள். 840 பேருக்கு 135 லிட்டர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்புகிறது என்றால் 90,000 லிட்டர். ஃப்ளஷுக்கு 38,000 போனால், செடிக்கு ஒரு 10,000. மீதி 40,000 லிட்டர் எங்கே போகும்? ராத்திரியில் திருட்டுத்தனமாகச் சாக்கடைக்குத்தான். விற்கலாம் என்றதும் பக்கத்துக் கட்டுமான வேலைக்காரர்கள் வந்து தரம் கேட்டார்கள். வாங்குகிறவன் தரம் கேட்க ஆரம்பித்தால்தான் ஓட்டுகிறவன் கவனமாக ஓட்டுவான்.

திருப்பூர் டையிங்
செவ்வாய், இரவு 8.00

எங்கள் ஊரையும் சொல்லிவிடுகிறேன். நொய்யலில் சாயக்கழிவு ஓடி ஒரத்துப்பாளையம் அணையே விஷமானது எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறை, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது, எங்கள் வீட்டிலும்தான். கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத முறைக்கு மாறின பிறகே திறக்க முடிந்தது. இன்றைக்குத் தொட்டியில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ததுதான். செலவு அதிகம், உப்பு மலையாகச் சேருகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் கட்டினால் போதாது, ஓட வேண்டும் என்று நீதிமன்றம் நின்றதால் நடந்தது.

பெரும்பாக்கம் வாசி
செவ்வாய், இரவு 10.45

2003-ஐ நினைத்துக்கொள்கிறேன். மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று அப்போது ஜெயலலிதா அரசு கெடு வைத்தது. எங்கள் அப்பா ஒரே வாரத்தில் ஆள் பிடித்துத் திண்ணை ஓரம் குழி எடுத்தார். அடுத்த மழைகளில் கிணற்றில் தண்ணீர் ஏறியது, உப்பு குறைந்தது, நானே குடித்துப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கூழாங்கல்லும் மணலும் மாற்றச் சொல்லி யாரும் வரவில்லை. இப்போது அந்தக் குழி மேல் பைக் நிற்கிறது. அரசின் ஒரு நல்ல உத்தரவு எப்படிப் பலன் தந்தது, எப்படித் தூர்ந்துபோனது என்று என் வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டேன். எஸ்டிபிக்கும் அதே கதி ஆகக் கூடாது.

ஓய்வுபெற்ற எஸ்டிபிக்காரர்
புதன், காலை 5.55

உற்சாகத்தில் யாரும் ஒரு தப்பு செய்துவிடக் கூடாது என்று விடிந்ததும் எழுதுகிறேன். நிலையத்தைச் சரி செய்கிறேன் என்று எந்த ஆளையும் சேகரிப்புத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். ஐந்து நிமிஷம் என்றாலும், கயிறு கட்டி என்றாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது, இரண்டாவது மூச்சுக்கு ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். என்னோடு வேலை பார்த்த ஒருவரை இப்படித்தான் இழந்தேன். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் இதைத் தடை செய்கிறது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக ஏற்றியது. பணத்துக்காகச் சொல்லவில்லை. மறுசுழற்சிக் கொள்கை எதுவானாலும் அதன் முதல் பக்கத்தில் இது இருக்க வேண்டும். உறிஞ்சு லாரியை வரவழைத்து மேலிருந்தே சுத்தம் செய்யுங்கள்.

பெரும்பாக்கம் வாசி
மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.20

நடந்ததைச் சொல்கிறேன்.

ஜாடி வந்த அன்று பிடித்துப் பார்த்தோம். கறுப்பு. அரை மணி நேரத்தில் சேறு 60 கோட்டுக்கு இறங்கிவிட்டது. ஐயா சொன்ன அதே அழுகின முட்டை வாசனை. இரண்டு ப்ளோயரில் ஒன்று எரிந்துபோய் எத்தனை மாதமானது என்று யாருக்கும் தெரியவில்லை. பொதுக்குழுவில் சண்டை நடந்தது. மெயின்டனன்ஸ் ஏற்றக் கூடாது என்றார்கள். மூன்று லாரிப் பில்லையும் ப்ளோயர் கரண்ட் பில்லையும் பக்கத்துப் பக்கத்தில் பேப்பரில் ஒட்டி லிப்டுக்குள் மாட்டினேன். அடுத்த கூட்டத்தில் சத்தம் குறைந்தது.

ப்ளோயர் மாற்றினோம், இப்போது 24 மணி நேரமும் ஓடுகிறது. கீழ்த்தள வீடுகளுக்காக அறையைச் சுற்றிச் சத்தம் தடுக்கும் பலகை. பக்கத்து வளாகத்திலிருந்து ஒரு லாரிச் சேறு வாங்கி ஊற்றினோம். ஓட்டுகிற தம்பிக்குச் சம்பளம் கூட்டி, இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். குழாய்களுக்கு ஊதாப் பட்டை அடித்தாயிற்று. அதில் 'சி' பிளாக்கில் ஒரு தப்பான இணைப்பு கிடைத்தது, முகப்பேர் அம்மா எழுதியிருக்காவிட்டால் தேடியிருக்கவே மாட்டோம்.

இன்று காலை ஜாடியில் சேறு 280. நிறம் பழுப்பு. தம்பி தினமும் ஏழு மணிக்குப் பிடித்துப் படம் எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போடுகிறார். பிள்ளைகள் சிலர் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார்கள். ஃப்ளஷ் லைனுக்கு இன்னும் திருப்பவில்லை. ஆய்வக அறிக்கை புதன்கிழமை வரும், தண்ணீரில் மிஞ்சிய அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி. அளவு 10-க்குள் இருந்தால் 'ஏ' பிளாக்கில் மட்டும் முதலில் திறக்கிறோம்.

மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வது என்று வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பூங்காவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விற்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறோம். மனு மாதிரி வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், தருகிறேன்.

முகப்பேர் அம்மா
சனி, மாலை 6.02

எனக்கு அனுப்புங்கள். எஸ்டிபி அறைச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டோம்.